எங்கள் வீட்டில் உங்கள் நாற்காலி

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே அனைவரும் நலம், அங்கே உங்கள் நலம் அறிய ஆவல் என்று முதலில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் படித்தவன். ஆனால் இங்கே அனைவரும் நலம் என்று எழுதினால் பொய். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய். மகனுக்கு வீடு கட்டுவதை மேற்பார்வை பார்க்கிறேன் என்று வெளியூர் போய், கொத்தனார் வைத்த செங்கல்லையெல்லாம் எடுத்துத் திருப்பி வைக்கச் சொல்லிக்கொண்டு நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அந்தக் கொத்தனாரின் நலம் அறியத்தான் ஆவல்.

போனில் பேசக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கடிதத்தில்தான் உங்களால் குறுக்கே பேச முடியாது.

விஷயம் அப்பாவின் முதியோர் பென்ஷன். அது நின்றுபோய்விட்டது. உங்களுடையது நிற்கவில்லை. இந்த மூன்று வாக்கியங்களையும் எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இது எப்படி நடந்தது என்று அக்கா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லக் கூடாது என்று நான்தான் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். உங்களுக்குத் தெரிந்தால் சிரிப்பீர்கள். உங்கள் சிரிப்பு எனக்குத் தெரியும். சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோளை நினைத்துத்தான் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தேன்.

அதற்கு முன்னால் குடை. எனக்கு வானிலை நிலையத்தில் வேலை கிடைத்த அன்று எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கிச் சந்தோஷப்பட்டபோது, நீங்கள் ஒரு குடையை வாங்கி வந்து கையில் கொடுத்தீர்கள். கறுப்புக் குடை, வளைந்த மரக் கைப்பிடி. அக்கா சிரித்தாள், அப்பா சிரித்தார், அப்போது இன்னும் எனக்கு மனைவியாகியிராத உங்கள் தங்கச்சிகூடக் கேள்விப்பட்டுச் சிரித்தாளாம். அன்றிலிருந்து இன்றுவரை மழைமானியில் அளவெடுத்து, காற்றின் திசை குறித்து, மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டு உழைக்கிறேன்; ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது, மழை வருமா என்று நீங்கள் என்னிடம் கேட்டதுண்டா? உங்கள் முழங்காலைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள். உங்கள் முழங்கால் என்னைவிடச் சரியாகச் சொல்கிறது என்பது வேறு விஷயம். அது அரசாங்கச் சம்பளம் வாங்கவில்லை, அதற்குப் பொறுப்புக் கிடையாது, வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்.

அடுத்து, சாப்பாட்டு மேசைச் சண்டை. உங்களுக்குப் பென்ஷன் எதற்கு என்று நான் கேட்பேன். கேட்காமல் எப்படி இருப்பது? மாடிமேல் மாடியாக வீடு, வாடகைக்கு விட்ட கடைகள், முன்னறையில் மீன் தொட்டி. மாதம் பிறந்தால் எங்கள் அப்பா நிற்கிற அதே தபாலாபீஸ் வரிசையில் நீங்களும் போய் நின்று, வயதானவர்கள் எல்லோருக்கும் அரசாங்கம் தருகிற அதே பென்ஷனை வாங்கி, திரும்புகிற வழியில் மீனுக்குத் தீனி வாங்கிக்கொண்டு வருவீர்கள். எங்கள் அப்பாவுக்கு அது வாழ்க்கை, உங்கள் மீனுக்கு அது சிற்றுண்டி. மழை எல்லார் தலையிலேயும்தான் பெய்கிறது, ஆனால் குடை இல்லாதவனுக்குத்தானே அரசாங்கம் குடை கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அழகான வாதம். ராத்திரி படுத்து யோசித்த வாதம். நீங்கள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “அதுக்குத்தானே மச்சான் உனக்கு அப்பவே ஒண்ணு வாங்கிக் குடுத்தேன்” என்றீர்கள். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னீர்கள்.

“ஏழைக்கு மட்டும்னு ஆயிட்டா, நீ ஏழைதானான்னு பார்க்க வீட்டுக்கு ஒரு ஆள் வரும். அந்த ஆள் முன்னாடி நிக்கறது இருக்கே, அது உனக்குத் தெரியாது. அப்புறம் இன்னொண்ணு. பணக்காரன் நிக்காத வரிசையில எவனும் உக்கார பெஞ்சு போட மாட்டான்.”

இதை மறுத்துப் பத்திரிகைகளுக்கு எழுதினேன். ஒன்றும் வெளிவரவில்லை. பத்திரிகை ஆசிரியர்கள்மீது எனக்கிருக்கும் மனத்தாங்கல் தனிக் கடிதத்துக்குரியது. ஆனால் காலம் என் பக்கம் திரும்பியது. நான் கேட்டதே சட்டமாக வந்தது. வசதியுள்ளவர்களுக்கு இனிப் பென்ஷன் கிடையாது. காகிதத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பார்கள் என்பதால் அதிகாரிகள் வீடு வீடாக வந்து, ஆள் எப்படி வாழ்கிறார் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வார்கள். அந்தச் செய்தி வந்த மாலை நான் வேலையிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கப் காபி குடித்துவிட்டுப் போனேன். ஏன் வந்தான், ஏன் போனான் என்று அக்கா கேட்டாளாம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியான காபி குடித்ததில்லை.

எங்கள் வீட்டைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. எங்கள் முன்னறையைப் பார்த்தால் அதிகாரி தன் கைப்பையைத் திறந்து ஏதாவது கொடுத்துவிட்டுப் போகக்கூடிய நிலைதான். ஒரு கை இல்லாத நாற்காலி, காலுக்கடியில் அட்டை வைத்த மேசை, சுவரில் பழைய ஈரக் கறை. மகனின் சம்பளத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்களாம். எடுத்தாலும் வானிலை நிலையச் சம்பளத்தைப் பார்த்து எனக்கும் சேர்த்து ஏதாவது போட்டுக் கொடுத்திருப்பார்கள். நான் கணக்கில் எடுக்க மறந்தது ஒன்றே ஒன்று. அப்பாவின் தொழில்.

உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு ஆறுதலாக இருக்கும். பெரிய மரச்சாமான் கடையில் தெருவைப் பார்த்த கண்ணாடி அறையை ஜோடித்து வைப்பதுதானே அவர் வேலை. ஒரு தோல் நாற்காலி, ஆள் உயர விளக்கு, ஒரு கார்ப்பெட், மேசைமேல் யாரோ பாதி படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தது போல் ஒரு புத்தகம். தெருவில் போகிறவன் நின்று பார்த்து, இந்த வீட்டுக்காரன் இப்போதுதான் எழுந்து உள்ளே போயிருக்கிறான், நான் ஏன் இவனாகப் பிறக்கவில்லை என்று ஏங்க வேண்டும். மாலையில் அந்த அறையைப் பூட்டிவிட்டு அப்பா எங்கள் வீட்டுக்கு வருவார். அது விற்காமல் திரும்பிய, கால் உடைந்த சாமான்களின் வீடு. ஆனால் யாராவது விருந்தாளி வருகிறார் என்றால் போதும், கடையிலிருந்து ஒரு விளக்கோ ஒரு நாற்காலியோ ஒரு நாளைக்கு இரவலாக வந்து இறங்கிவிடும். வருகிறவர்கள் நம்மைப் பார்த்து ஐயோ பாவம் என்று நினைக்கும்படி வீட்டை வைத்திருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. மற்ற வீடுகளில் விருந்தாளி வந்தால் அடுப்பு எரியும். எங்கள் வீட்டில் சாமான் நகரும்.

நீங்களும் அந்தக் கண்ணாடி வழியாகத்தானே எங்கள் குடும்பத்துக்குள் வந்தீர்கள். அக்காவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அப்பாவிடம் கேட்கத் தைரியமில்லாமல், கடை வாசலில் நாள்கணக்காக நின்று, ஒரு நாள் திடீரென்று உள்ளே போய், கண்ணாடி அறையில் இருப்பதை அப்படியே கொடுங்கள், கவிழ்த்து வைத்த புத்தகம் உட்பட, என்று சொன்னீர்களே, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண்ணைப் பிடித்திருந்தால் ஒரு முக்காலி வாங்கினால் போதாதா? அன்று அப்பா வீட்டுக்கு வந்து, யாரோ ஒரு பையன் ஜன்னலையே வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்ததோ, நான் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பரிசு வாங்கி வந்த எந்த நாளிலும் அப்படி இருந்ததில்லை. இதை நான் மறக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அதிகாரி வரும் நாளுக்கு வருகிறேன். முந்தின நாளே அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஜன்னல் திரையைக் கழற்றினேன். நல்ல பல்பை எடுத்துவிட்டு மங்கலான பல்பைப் போட்டேன். ஒழுகாத இடத்தில் ஒரு வாளியை வைத்தேன். பேச்சின் நடுவே லேசாக இருமுங்கள் என்று சொல்லி, எப்படி இரும வேண்டும் என்று இருமியும் காட்டினேன். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, வருகிற அதிகாரி அம்மாள் கதவைத் திறந்ததும் முதலில் எந்தப் பக்கம் பார்ப்பார் என்று மட்டும் விசாரித்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில், இன்று வானம் தெளிவாக இருக்கும் என்று நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பணக்காரர் வீடு. மெத்தென்று கார்ப்பெட், தோல் நாற்காலி, மஞ்சள் வெளிச்சத்தில் ஆள் உயர விளக்கு, சுவரில் கடல் படம், மூலையில் ஊசல் கடிகாரம், கண்ணாடி அலமாரிக்குள் பீங்கான் கோப்பைகள். மன்னிக்க வேண்டும், வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் பாதி மாடிப்படி இறங்கிவிட்டேன். உங்கள் தங்கச்சி பின்னாலேயே ஓடி வந்து சட்டையைப் பிடித்தாள்.

“எங்க போறீங்க? நம்ம வீடுதான். கால நல்லாத் துடைச்சிட்டு வாங்க, அண்ணன் வீட்டுக் கார்ப்பெட்டு.”

காலையில் நான் கிளம்பியதும் அப்பா நடந்தே உங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அதிகாரி வருகிறார்கள், வீடு மானமாக இருக்க வேண்டும், ஒரு நாளைக்குச் சாமான் வேண்டும் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். பென்ஷன் தருவதா வேண்டாமா என்று பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அப்பா சாமான் கேட்டால் என்ன ஏது என்று கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. விருந்தாளி வருகிறார், சாமான் போக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டு முன்னறையே ஒரு வண்டியில் ஏறி எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிட்டது. நான் வைத்த வாளியைத் தேடினேன். அதில் ஒரு செடி இருந்தது. மேசைமேல் பாதி படித்துக் கவிழ்த்தது போல் ஒரு புத்தகம். பார்த்தால் என்னுடைய மேகங்களின் வகைகள் பற்றிய பாடநூல். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், கடையில் வாடிக்கையாளர் வரும்போது நிற்பது போல, ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா, இது வேறு மாதிரி விருந்தாளி, அவர் ஐயோ பாவம் என்று நினைத்தால்தான் நமக்கு லாபம் என்று கெஞ்சினேன்.

“வாசல் தேடி வர்றவங்க எல்லாருமே விருந்தாளிதான்டா,” என்றார்.

அதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது. அந்த அதிகாரி அம்மாள் நல்லவர். அதுதான் பெரிய கஷ்டம். மோசமானவராக இருந்தால் திட்டவாவது செய்யலாம். மழையில் நனைந்து, காலணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே உள்ளே வந்தார். அப்பா அவரை உங்கள் நாற்காலியில் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் அவருடைய முதுகு தானாகச் சாய்ந்து ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள், அந்த மூச்சிலேயே எங்கள் பென்ஷன் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் உங்களுடையதா ஐயா என்று கேட்டார். அப்பா வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. அவர் கடைக்காரர். யாருடையது என்ற கேள்விக்குக் கடையில் என்ன பதில் சொல்வாரோ அதையே சொன்னார்.

“பிடிச்சிருக்காம்மா?”

“ரொம்ப அழகா இருக்கு.”

“விளக்கு மட்டும் ஒரு சாண் தள்ளி இருக்கணும். உங்க கண்ணுல படுது. மன்னிச்சுக்கணும்.”

அப்பா இருமுவார் இருமுவார் என்று பார்த்தேன். இருமவில்லை. கடைசியில் நான் இருமினேன். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பொறுக்க முடியாமல் உண்மையைக் கொட்டிவிட்டேன். இது எதுவும் எங்களுடையது இல்லை, எல்லாம் என் அக்கா வீட்டுக்காரருடையது, இன்று காலைதான் வந்தது, அப்பாவுக்குச் சொந்தம் என்று இருப்பது ஒரு சவரக் கண்ணாடியும் இரண்டு கால்சட்டையும்தான் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. பரிவோடு சொன்னார். “எல்லா வீட்டுலயும் இதைத்தான் சொல்றாங்க சார். நல்லதெல்லாம் இரவல், மோசமானதெல்லாம் சொந்தம்னு. நான் என்ன பண்றது, கண்ணால பார்க்கறதைத்தான் எழுத முடியும்.” அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. கண்ணாடி அறைக்குள் எவனோ செருப்புக் காலோடு ஏறி நின்றுவிட்டது போல் பார்த்தார்.

அந்த அம்மாள் அடுத்துப் போனது எங்கே என்று நினைக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக்குத்தான். அவ்வளவு பெரிய வீட்டில் அக்கா சமையலறை முக்காலியில் தனியாக உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. பேசினால் எதிரொலி கேட்கிறது. மீன் தொட்டி ஒன்றுதான் மிச்சம். அதைத் தூக்க வண்டிக்காரர் மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஒரு காலத்தில் நன்றாக வாழ்ந்தவர்கள், ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டிருக்கிறார்கள், மீனை மட்டும் விற்க மனம் வரவில்லை என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டதில் என்ன தப்பு? சாமானெல்லாம் எங்கே என்று கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டிருக்கிறார். வீட்டுக்காரர் எங்கே என்று மட்டும் கேட்டாராம். வீடு கட்டுகிற இடத்தில் வெயிலில் நிற்கிறார், இந்த வயதில் வேண்டாம் என்றால் கேட்பதில்லை என்று அக்கா உள்ளதைச் சொன்னாளாம். அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

முடிவு வந்தது. எங்கள் அப்பா வசதியானவர், பென்ஷன் தேவையில்லை. உங்களுக்குப் பென்ஷன் தொடரும். அதோடு குளிர்காலத்துக்காக அரசாங்கத்தின் இலவசக் கம்பளிப் போர்வை ஒன்றும் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்கா அதை எங்களுக்குக் கொடுத்தனுப்பினாள். உங்கள் வறுமைக்காகக் கிடைத்த போர்வையைத்தான் இப்போது எங்கள் பணக்கார அப்பா போர்த்திக்கொண்டு தூங்குகிறார். அந்த அம்மாள் மறுபடி எந்த வீட்டுக்கு எப்போது வருவாரோ, நகர்த்தினால் இன்னும் என்ன ஆகுமோ என்ற பயத்தில் சாமானைத் திருப்பிக் கொண்டுபோகவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. அக்கா சாயங்காலமானால் தன் நாற்காலியில் கொஞ்சம் உட்காரலாம் என்று எங்கள் வீட்டுக்கு வருகிறாள்.

அத்தான், இதுவரை எழுதியதெல்லாம் உங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துக்கொள்ளுங்கள். இனி எழுதப்போவதற்குச் சிரித்தால் நம் உறவு அவ்வளவுதான்.

பென்ஷன் நாள் என்றால் அப்பா எப்படி இருப்பார் தெரியுமல்லவா? விடியும் முன்னே சவரம், சுத்தமான சட்டை, தபாலாபீஸ் வரை நடை. திரும்பி வந்து வீட்டுச் செலவுக்கு என்று ஒரு பங்கைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைப்பார். கையில் கொடுக்க மாட்டார், சொல்லவும் மாட்டார். உங்கள் தங்கச்சியும் பார்க்காதது போல எடுத்துக்கொள்வாள். அதற்கப்புறம் அந்த மாதம் முழுக்க வீட்டில் அவர் ராஜ்ஜியம். டீயில் பால் இல்லை, நான் தலைவாரும் விதம் சரியில்லை, மேசை இருக்க வேண்டிய இடம் இது இல்லை, என் வானிலை அறிக்கை சுத்தப் பிதற்றல். இந்த மனிதர் ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாரா என்று நான் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும், உங்களிடம்தான் புலம்பியிருக்கிறேன்.

இப்போது மூடிக்கொண்டுவிட்டார். டீ இருந்தால் கொடு, இல்லாவிட்டால் பரவாயில்லை என்கிறார். டீ எப்படி இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்கிறார். ஜன்னல் ஓரத்தில் இருந்த தன் இடத்தை விட்டுச் சுவரோரமாக நகர்ந்து உட்காருகிறார். அந்தத் தோல் நாற்காலியில் ஒரு முறைகூட உட்காரவில்லை. முந்தாநாள் நான் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“இந்த ஃபேனைக் கொஞ்சம் போட்டுக்கவாப்பா?”

என்னிடம் கேட்கிறார், அத்தான். இந்த வீட்டுக்குச் சாவி வாங்கியவர், ஃபேன் போட என்னிடம் அனுமதி கேட்கிறார். ‘டா’ போய் ‘ப்பா’ வந்துவிட்டது. போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய் மேகம் பார்ப்பது போல நின்றேன். மேகம் ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது நிறைவேறி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, என்னால் தாங்க முடியவில்லை. சர்க்கரை டப்பாவுக்கு அடியில் நானே ஏதாவது வைத்துப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். அவர் கண்டுபிடித்துவிடுவார். எது எங்கே இருந்தது, யார் நகர்த்தினார்கள் என்பது அவர் தொழில்.

எனவே, மதிப்பிற்குரிய அத்தான் அவர்களே, நான் கேட்பது இது. நீங்கள் உடனே கிளம்பி வந்து, அந்த அம்மாளைப் பார்த்து, நாற்காலி என்னுடையது, விளக்கு என்னுடையது, கடல் என்னுடையது, நான் பணக்காரன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் உங்கள் பென்ஷன் போய்விடும். அதனால்தான் நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்று உங்களுக்கு ஒரு கொள்கை இருக்கிறதே. கொள்கை இருக்கிற பணக்காரனிடமிருந்து அவன் பென்ஷனைப் பிடுங்க யாரால் முடியும்? நீங்கள் அன்று சொன்னது சரி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். மீனுக்குப் பென்ஷன் கூடாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு ஆள் வரும் என்றீர்களே, அந்த ஆள் வந்து போன பிறகு எங்கள் வீட்டில் ஒருவர் குறைந்துபோயிருக்கிறார். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. மகனுக்கும் மருமகளுக்கும் என் நல்லாசிகள். புது வீட்டுச் சுவர்கள் நேராக எழும்பட்டும். கொத்தனாருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் முழங்காலுக்குத் தொழில்முறையிலான என் வணக்கம்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: மேலே கையெழுத்துக்கு இடம் விட்டுப் பேனாவை எடுத்தபோது அழைப்பு மணி அடித்தது. அந்த அதிகாரி அம்மாள். சாமான்களை ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு போக வந்தாராம். என்ன உறுதி என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்று ஒருவர் வாக்கு வாங்கியிருக்கிறார் என்றார். யார் என்று கேட்டேன். வாசலிலேயே என்னைத் தனியாக நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லிவிட்டார். நல்லவர் என்றுதான் முன்பே எழுதியிருக்கிறேனே.

அக்காவால் எதையும் மறைக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேற்று நீங்கள் கட்டட வேலையிலிருந்து அப்படியே ஊருக்கு வந்து, தலையெல்லாம் சிமெண்டுத் தூசியோடு அவர் அலுவலகத்தில் போய் நின்றீர்களாம். நான் பணக்காரன் என்று சொன்னீர்களாம். அந்த அம்மாள் உங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, கவலைப்படாதீர்கள், உங்களுடையதை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று தேற்றினாராம். எங்கள் அப்பா ஏழை என்று நான் சொன்னதை நம்பாதவர், நீங்கள் பணக்காரர் என்று நீங்களே சொன்னதையும் நம்பவில்லை. வீட்டைப் பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனால் அங்கே முக்காலிதான் இருக்கிறது. கடைசியில், மாமனார் வீட்டு முன்னறையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றீர்களாம். நாற்காலி ஜன்னலுக்குக் குறுக்கே, விளக்கு உட்காருகிறவரின் இடது தோளுக்குப் பின்னால், கடல் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, மேசைமேல் ஒரு புத்தகம் கவிழ்ந்து. அந்த அம்மாள் அசந்துபோய், நீங்கள்தான் ஊரில் இல்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டாராம். நீங்கள் சொன்னதை அவர் அப்படியே சொல்லிக் காட்டினார்.

“கடையில அப்படித்தாம்மா இருந்துச்சு. என் வீட்டுலயும் அவர்தான் வந்து அப்படி வெச்சுக் குடுத்தாரு. நான் இதுவரைக்கும் எதையும் நகர்த்தினதில்ல. என்னோடதை நிறுத்திக்கங்க. அவரை மட்டும் யாரும் போய் எதையும் நிரூபிக்கச் சொல்லாதீங்க.”

அந்த அம்மாள் உள்ளே வந்து அப்பாவிடம், எங்கள் பக்கம் ஒரு தவறு நடந்துவிட்டது, இந்த மாதத்திலிருந்து பழையபடி வரும் என்று மட்டும் சொன்னார். அப்பா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. உட்காருங்கம்மா என்றார். விளக்கை ஒரு சாண் தள்ளி வைத்தார். அவர் போன பிறகு உங்கள் தங்கச்சி டீ கொண்டு வந்தாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“டீயா இது, டம்ளர் கழுவின தண்ணியா?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பிறகு அப்பா என் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி எவனாவது உட்கார்ந்து எழுதுவானாடா, மேசையைத் திருப்பு என்றார். திருப்பினேன். யாருக்குக் கடிதம் என்று கேட்டார். சும்மா என்றேன். மாப்பிள்ளைக்காக இருந்தால் நாற்காலி இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, பணக்காரருக்குப் பென்ஷன் வேண்டாம் என்று நான் கேட்டது நடந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன். காபி குடிக்கத் தோன்றவில்லை. அடுத்த முறை சாப்பாட்டு மேசையில் நீங்கள் என் பக்கத்துக்கும் நான் உங்கள் பக்கத்துக்கும் மாறி உட்கார்ந்து சண்டை போட வேண்டியிருக்கும். இந்த முறையாவது நான் ஜெயிப்பேன் என்று நினைக்காதீர்கள், நானும் நினைக்கவில்லை. மீனுக்கு இனிமேல் தீனி நான் வாங்கி வருகிறேன். அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் பின்குறிப்பு உங்களுக்கு வந்து சேராது; அதில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம் இருவருக்கும் இல்லை. கையெழுத்துப் போட்டால் மேலே எழுதியதற்கெல்லாம் நான் பொறுப்பாக வேண்டும், குடை உட்பட. இன்று மழை இருக்காது என்று காலையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. வளைந்த மரக் கைப்பிடி இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு தபால்பெட்டி வரை போகிறேன். யார் எழுதியது என்று நீங்கள் கேட்டால் எனக்குத் தெரியாது என்பேன். கையெழுத்து இல்லாமலே போடுகிறேன்.